மூன்று ஆய்வுப் பணிகளில் எதை விடுவது?

கேள்வி:

நான் நியூ ஜெர்சியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வருகிற கோடையில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். இப்போது ஒரே சமயத்தில் மூன்று ஆய்வுப் பணிகளில் இருக்கிறேன். முதலாவது செல் உயிரியல் ஆய்வகம். இரண்டாம் ஆண்டிலிருந்து அங்கே இருக்கிறேன், வாரம் 12 மணி நேரம். இரண்டாவது, பெயர்பெற்ற இதயநோய்ப் பேராசிரியர் ஒருவரின் குழுவுக்காக மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து தரவு எடுத்து உள்ளிடும் வேலை. வாரம் 8 மணி நேரம். அந்தப் பேராசிரியரை நான் இன்னும் நேரில் சந்திக்கவில்லை. மூன்றாவது, பொதுச் சுகாதாரத் துறை நடத்தும் ஓர் ஆய்வு. சனிக்கிழமைகளில் சமூக மருத்துவ நிலையத்தில் தெற்காசிய முதியவர்களிடம் நீரிழிவு மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, இல்லையென்றால் ஏன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டுப் பதிவு செய்கிறேன், 6 மணி நேரம்.

சென்ற பருவத்தில் ஒரு முக்கியமான பாடத்தில் பி கிரேடு வாங்கிவிட்டேன். ஏப்ரலில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுத வேண்டும். ஆய்வகப் பேராசிரியரோ, பட்டம் முடித்த பிறகு இரண்டு ஆண்டு சம்பளத்துடன் தன்னிடமே வேலை செய்யலாம் என்கிறார். ஆய்வுகள் கூடக் கூட விண்ணப்பத்துக்குப் பலம், பட்டத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே விடும் கேப் இயர் காலவிரயம் என்பது அப்பாவின் கருத்து. எதை விடுவது? விட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? விட்ட பணியை விண்ணப்பத்தில் காட்டலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றில் ஒன்றை இந்தப் பருவம் முடிவதற்குள் விட்டுவிடுங்கள். எதை என்றால், உங்கள் தந்தையார் எதைப் பெரிதாக மதிப்பார் என்று ஊகிக்கிறேனோ, அந்த இதயநோய்ப் பேராசிரியர் குழுவின் பணியைத்தான் சொல்வேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே அதன் சேர்க்கைக் குழுவிலும் இருந்து விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெரிய பெயரை விட்டுவிட்டுச் சனிக்கிழமை நேர்காணல்களை வைத்துக்கொள்ளச் சொல்வது உங்கள் வீட்டில் கேள்வியை எழுப்பும் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியுள்ளபடி ஆய்வுக்கு மட்டும் வாரம் 26 மணி நேரம் போகிறது. முழுநேரப் படிப்பில் வகுப்பும் செய்முறையும் ஒரு பங்கு, வீட்டில் உட்கார்ந்து படிப்பது அதைவிடப் பெரிய பங்கு. இதற்கு மேல் ஜனவரியிலிருந்து எம்கேட் தயாரிப்பு வந்து சேரும். அந்தத் தேர்வு நான்கு பிரிவுகளாக, இடைவேளைகளையும் சேர்த்து ஏறத்தாழ ஏழரை மணி நேரம் நடப்பது. முழு மாதிரித் தேர்வு ஒன்றை எழுத ஒரு நாள் வேண்டும், எழுதியதை உட்கார்ந்து அலசி எங்கே சறுக்கினோம் என்று பார்க்க இன்னொரு நாள் வேண்டும். உங்கள் சனிக்கிழமை நேர்காணலுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் செல்கள் வளரும் திரவ ஊடகத்தை மாற்றுவதில் போகும் என்று எண்ணுகிறேன். அப்படியானால் மாதிரித் தேர்வை எந்த நாளில் எழுதுவீர்கள்? சென்ற பருவத்து பி இந்த நெருக்கடியின் முதல் அடையாளம். ஒரே ஒரு பி யாருடைய வாய்ப்பையும் கெடுத்துவிடாது, அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் ஜி.பி.ஏ. எனும் மதிப்பெண் சராசரி ஒருமுறை இறங்கினால் மெதுவாகத்தான் ஏறும். ஆய்வு மணி நேரத்தைக் கோடையில் எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டில் எதைப் பிறகு சரிசெய்ய முடியாதோ, அதற்குத்தான் இப்போது முதலிடம்.

அடுத்தது, ஆய்வுகள் கூடக் கூடப் பலம் என்ற கருத்து. இது நம் வீடுகளில் மட்டும் உள்ள கருத்தன்று; அமெரிக்க மாணவர்களிடமும் பரவலாக இருக்கிறது. இங்கே ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்டோர் எம்.டி. படிப்புக்கு (இங்கே அதுதான் முதல் மருத்துவப் பட்டம்) விண்ணப்பித்து, ஏறத்தாழ 23,000 பேர் இடம் பெறுகிறார்கள் என்பதால் அச்சம் இயல்பு. அந்த அச்சத்தில் எண்ணிக்கையைக் கூட்டத் தோன்றுவதும் இயல்பு. ஆனால் விண்ணப்பப் படிவத்தின் அமைப்பே எண்ணிக்கைக்கு எதிரானது. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏம்காஸ் படிவத்தில் உங்கள் செயல்பாடுகள் அனைத்துக்குமாகச் சேர்த்து 15 இடங்கள் இருக்கின்றன. வேலை, தொண்டு, விளையாட்டு, விருது, கட்டுரை, போஸ்டர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒவ்வொன்றையும் விவரிக்க 700 எழுத்து, அதாவது ஒரு சிறிய பத்தி. மிக முக்கியமானவை என்று மூன்றை மட்டும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அவற்றுக்குக் கூடுதலாக 1,325 எழுத்து கிடைக்கும். படிப்பவரின் கண் முதலில் போய் நிற்பது அந்த மூன்றில்தான். அங்கே மூன்று ஆய்வகங்களை அடுக்கிய மாணவர்களின் விண்ணப்பங்களை நான் படித்திருக்கிறேன். ‘தரவு சேகரித்தேன், பகுப்பாய்வில் உதவினேன், குழுக் கூட்டங்களில் கலந்துகொண்டேன்’ என்று மூன்றும் ஒரே குரலில் பேசும். இவருக்கு எதில் ஆர்வம் என்பது அந்தப் பக்கம் முழுவதையும் படித்த பிறகும் தெரியாது.

ஓர் ஆய்வில் ஊன்றி நின்றவரின் பத்தி வேறு மாதிரி இருக்கும். உங்கள் செல் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையைச் செய்யாமல் அங்கே ஓராண்டைக் கடந்திருக்க மாட்டீர்கள். முதல் நாள் ஜெல்லில் புரதங்களைப் பிரித்து, மெல்லிய சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தில் ஒட்டக்கூடிய முதல் ஆன்டிபாடியில் ஊறவைத்து 4 டிகிரி குளிரறையில் இரவு முழுவதும் மெல்ல ஆடவிட்டுவிட்டு வருகிறோம். மறுநாள் கழுவி, இரண்டாம் ஆன்டிபாடி ஊற்றி, மறுபடி கழுவிப் படமெடுத்தால், எதிர்பார்த்த பட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, அல்லது எதிர்பாராத இடத்தில் இன்னொரு பட்டை. மாதிரி கெட்டதா, சவ்வுக்கு மாறும்போது காற்றுக்குமிழ் புகுந்ததா, ஆன்டிபாடி வேறு எதிலோ ஒட்டுகிறதா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். அந்த விலக்கல்தான் ஆய்வு. அதை ஒருமுறை முழுதாகச் செய்து பார்த்தவர், நேர்காணலில் என்ன கேட்டாலும் தடுமாறுவதில்லை. ‘உங்கள் முடிவு தவறாக இருக்கலாம் என்று எப்போது சந்தேகித்தீர்கள்?’ என்பது நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. வாரம் 12 மணி நேரத்தில், அதுவும் அவசர அவசரமாக வந்து போகும் 12 மணி நேரத்தில், இந்த அனுபவம் கிட்டுவது அரிது. இரண்டு நாள் தொடரும் சோதனையின் இரண்டாம் நாளுக்கு நீங்கள் வர முடியாமல் போனால், அதை வேறொருவர் முடித்துவைப்பார். பட்டை ஏன் வரவில்லை என்று தேடும் வாய்ப்பும் அவருக்கே போய்விடும்.

பணிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்போது மணிக்கணக்கை மட்டும் கூட்டிப் பார்ப்பது போதாது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு தாளம் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். வளர்ப்புச் செல்களை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிரித்து வைக்க வேண்டும். தேர்வு என்றாலும் திருமணம் என்றாலும் அவை காத்திருப்பதில்லை. பதிவுகளிலிருந்து தரவு எடுப்பதோ நள்ளிரவிலும் செய்யக்கூடியது. அதனால்தான் அது ஆபத்தில்லாததுபோலத் தோன்றுகிறது, அதனால்தான் தூக்கத்தையும் தின்கிறது. நேர்காணல் ஆய்வு மனிதர்களின் வசதியைச் சார்ந்தது. 10 மணிக்கு வரச் சொன்ன பெரியவர் பேரனின் கார் கிடைத்து 11 மணிக்கு வருவார், பிறகு மாத்திரையைப் பற்றிச் சொல்வதற்கு முன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வார். கடிகாரத்துக்குக் கட்டுப்படுவது, கட்டுப்படாதது, மனிதர்களுக்குக் கட்டுப்படுவது என்று ஒவ்வொன்றிலும் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். இரண்டை ஒருவரால் சமாளிக்க முடியும். மூன்றையும், படிப்போடும் எம்கேட்டோடும் சேர்த்து, சோர்வில்லாமல் நடத்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி, ஏன் இதயநோய்க் குழு என்பதற்கு வருகிறேன். அந்த வேலையை நான் தாழ்த்தவில்லை. நல்ல மருத்துவ ஆய்வுகள் பலவும் அப்படி ஒவ்வொரு பதிவாகத் திறந்து, ரெட்கேப் என்ற தரவு மென்பொருளின் படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிய உழைப்பின் மேல் நிற்பவை. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பேராசிரியரை இன்னும் சந்திக்கவில்லை என்று. அப்படியானால் அவர் உங்களுக்கு என்ன பரிந்துரைக் கடிதம் எழுதுவார்? ‘எங்கள் குழுவில் இத்தனை மாதம் பணியாற்றினார், நம்பகமானவர்’ என்று யாரோ தயாரித்துக் கொடுத்த அரைப்பக்கத்தில் கையெழுத்திடுவார். எத்தனை பெரியவரின் கையெழுத்தாக இருந்தாலும் அந்த அரைப்பக்கத்தைக் குழுவில் யாரும் இரண்டாம் முறை எடுத்துப் படிப்பதில்லை. இதற்கு மாறாக, உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நின்று ஜெல் ஓட்டக் கற்றுக்கொடுத்த, பி.எச்.டி. முடித்து அங்கே ஆய்வு செய்யும் போஸ்ட்டாக் ஆய்வாளர் விவரங்களை எழுதி, ஆய்வகத் தலைவர் தன் மதிப்பீட்டையும் சேர்த்து இருவரும் கையெழுத்திட்டு அனுப்பும் கடிதம் எங்கள் மேசைக்கு வரும்போது, அதில் ஒரு மனிதர் தெரிவார். தவறைத் தானே வந்து சொன்னார், மூன்றாம் முறையும் பொறுமையாகச் செய்தார் என்பன போன்ற வரிகள் விண்ணப்பதாரர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ள முடியாதவை.

சனிக்கிழமை நேர்காணல்களை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உங்கள் கடிதத்தில் மூன்று ஆய்வுகளின் மணிக்கணக்கு இருக்கிறது; மருத்துவமனைத் தொண்டு, மருத்துவருடன் உடனிருந்து பார்க்கும் ஷேடோயிங், நோயாளிகளுடன் பழகியது என்று ஒரு சொல்கூட இல்லை. எழுத மறந்திருந்தால் சரி. உண்மையிலேயே இல்லையென்றால், உங்கள் விண்ணப்பத்தின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. நான்காவது ஆய்வு வந்தாலும் அது அடைபடாது. ஆராய்ச்சியில் மட்டும் நாட்டமிருந்தால் பி.எச்.டி.க்குப் போகலாமே, மருத்துவம் எதற்கு என்ற கேள்வி நேர்காணலில் தவறாமல் வரும். உங்கள் மூன்று பணிகளில் நோயாளியின் எதிரில் உட்கார வைப்பது இது ஒன்றுதான். மாத்திரை தீர்ந்து பத்து நாளாகிறது, மகனிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்று ஒரு மூதாட்டி உங்களிடம் தமிழில் சொல்லியிருந்தால், அந்தத் தகவல் இதயநோய்க் குழு படிக்கும் பதிவுகளில் ‘மருந்தைச் சரிவர உட்கொள்ளவில்லை’ என்ற ஒரு வரியாக மட்டுமே இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை நேரில் பார்த்தவர் நீங்கள். அதேசமயம், கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நேர்காணல் செய்வது மட்டும் மருத்துவ அனுபவத்துக்குப் போதாது. விடுகிற 8 மணி நேரத்தில் பாதியைப் படிப்புக்கும், மீதியை ஒரு மருத்துவமனையிலோ முதியோர் பராமரிப்பு இல்லத்திலோ தொண்டுக்கும் கொடுங்கள்.

மற்றொரு காரணம் அறிவியல் சார்ந்தது. இப்படிப்பட்ட கள ஆய்வுகளைப் ‘படிவம் நிரப்பும் வேலை’ என்று சிலர் நினைக்கிறார்கள். தெற்காசியர்களுக்கு இதயநோயும் நீரிழிவும் ஏன் இளவயதிலேயே, உடல் எடை அதிகமில்லாதபோதும் வருகின்றன என்பது இன்னும் முழுமையாக விடைகாணப்படாத கேள்வி. 2010இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் தொடங்கிய மசாலா ஆய்வு, அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து இதைத்தான் ஆராய்கிறது. அதன் அடித்தளத்திலும் ஒருவரை அமரவைத்து, என்ன சாப்பிடுகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்த உழைப்பு இருக்கிறது. உங்கள் செல் ஆய்வகம் எதை ஆராய்கிறது என்று எழுதவில்லை. ஆனாலும் மூலக்கூறு நிலையில் ஒரு கேள்வி, சமூக நிலையில் இன்னொரு கேள்வி என்று இரண்டையும் ஒரே மாணவி பொறுப்போடு செய்திருப்பது படிப்பவருக்குப் புரியக்கூடிய சேர்க்கை. மூன்றாவதைச் சேர்த்தால் இந்தத் தெளிவு கலங்கும்.

விலகுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாணவர்கள் வருவதும் போவதும் ஆய்வகங்களுக்குப் பழகிய ஒன்று; விலகியதற்காக யாரும் வருத்தம் வைத்துக்கொள்வதில்லை. மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லாமல் காணாமல் போகிறவர்களை மட்டும்தான் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தக் குழுவில் உங்களுக்கு நேரடிப் பொறுப்பாளர் யாரோ அவரிடம், மூன்று அல்லது நான்கு வார அவகாசத்துடன் நேரில் அல்லது காணொளியில் சொல்லுங்கள். பிறகு அதையே சுருக்கமாக எழுத்தில் அனுப்புங்கள். படிப்புச் சுமையையும் எம்கேட்டையும் முன்னிட்டு ஆய்வுப் பணிகளைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னால் போதும், அதற்கு மேல் விளக்கமோ மன்னிப்போ தேவையில்லை. எந்தப் பதிவு வரை முடித்திருக்கிறீர்கள், எவற்றில் ஐயம் இருந்து குறித்து வைத்திருக்கிறீர்கள், தெளிவில்லாத கட்டங்களில் எந்த விதியைப் பின்பற்றினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து வருபவர் வேறு விதியைப் பின்பற்றினால் தரவே பழுதாகும் என்பதால் அந்த ஒரு பக்கம் விலைமதிப்புள்ளது. நோயாளர் தகவல் எதுவும் உங்கள் மடிக்கணினியிலோ சொந்த மின்னஞ்சலிலோ இருக்கக் கூடாது. நோயாளர் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம் விளையாட்டுக்குரியதன்று; பதிவுகளைப் பார்க்கும் உங்கள் அனுமதியை நீக்கும்படி நீங்களே கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

விலகும் உரையாடலிலேயே ஆசிரியர் பட்டியல் விஷயத்தையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மருத்துவ இதழ்கள் பலவும் பின்பற்றும், இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐசிஎம்ஜேஇயின் நெறிமுறையின்படி, ஒருவர் கட்டுரையின் ஆசிரியராக நான்கு நிபந்தனைகளையும் நிறைவு செய்ய வேண்டும்: ஆய்வில் கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது அறிவார்ந்த முறையில் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு. தரவு எடுத்துக் கொடுத்ததற்காக மட்டும் பெயர் வந்துவிடாது; நன்றியுரையில் வரலாம். வரைவு வரும்போது படித்துக் கருத்துச் சொல்ல விரும்புவதாக நீங்கள் தெரிவித்தால், பொறுப்பாளர் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுவார். ‘கட்டுரை வரப்போகிறது’ என்ற நம்பிக்கையிலேயே ஓராண்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்து, கடைசியில் விண்ணப்பத்தில் காட்ட எதுவுமில்லாமல் நின்ற மாணவர்கள் நிறைய உண்டு. ஒரு கட்டுரை எழுதி, அனுப்பி, மறுக்கப்பட்டு, வேறு இதழுக்குப் போய் ஏற்கப்படுவதற்குள் ஓராண்டு கடந்துபோவது வெகு சாதாரணம். ஏற்கப்பட்டதை ஏற்கப்பட்டது என்றும், அனுப்பியதை அனுப்பியது என்றும் எழுதுங்கள். எழுதிக்கொண்டிருப்பதைக் கட்டுரை என்று பட்டியலிட வேண்டாம்.

தொடரப்போகும் இரண்டு குழுக்களுக்கும் மற்றதைப் பற்றித் தெரிந்திருக்கட்டும். ஒருவரிடம் இருப்பதை இன்னொருவரிடம் மறைத்து நடத்தும் ஏற்பாடு, தேர்வு வாரத்தில் இருவரும் ஒரே நாளில் கூப்பிடும்போது உடைந்துவிடும். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் என்று பருவத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். எம்கேட்டுக்கு முந்தைய ஆறு வாரத்துக்குக் குறைந்த மணி நேரம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். ஒரு குழுவின் வெளியிடப்படாத முடிவுகளை இன்னொரு குழுவின் கூட்டத்தில் பேசக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருப்பினும், ஆர்வத்தில் வாய்தவறி வருவது அந்த இடத்தில்தான்.

சம்பளம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இதைப் படிக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஃப்-1 விசாவிலுள்ள மாணவர்கள் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இரண்டு ஆய்வகங்களில் சம்பளம் என்றால் இரண்டும் சேர்ந்துதான் அந்த 20. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் சம்பளப் பணியை ஏற்க முடியாது. வழக்கமாகச் சம்பளம் கொடுக்கும் பணியைத் தொண்டு என்ற பெயரில் செய்வதும் சிக்கலில் முடியலாம். ஆகவே பணியை ஏற்பதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு ஆண்டுப் பணிக்கான அழைப்புக்கு வருவோம். கேப் இயர் காலவிரயம் என்ற எண்ணம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேரே எம்.பி.பி.எஸ். சேரும் நம் ஊர் முறையிலிருந்து வருவது. அங்கே ஓராண்டு தள்ளினால் அது தோல்வியாகப் பார்க்கப்படுகிறது. இங்கே மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேருவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டத்துக்குப் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வேறு ஏதாவது செய்துவிட்டு வந்தவர்கள்தாம். எனவே அப்பாவிடம் பேசும்போது இடைவெளி நல்லதா கெட்டதா என்று வாதிட வேண்டாம். ஏப்ரல் எம்கேட் மதிப்பெண் ஒரு மாதத்தில் கையில் வந்துவிடும். மே இறுதியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம். மதிப்பெண்ணும் ஜி.பி.ஏ.யும் நீங்கள் எண்ணும் கல்லூரிகளுக்குப் பொருந்தி, நோயாளிகளோடு பழகிய அனுபவமும் ஓரளவு சேர்ந்திருந்தால் அப்போதே விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் ஓராண்டு காத்திருங்கள்; அரைகுறையாக விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டு மறுமுறை விண்ணப்பிப்பதைவிட அது எல்லா வகையிலும் மலிவு. முடிவை இப்போதே எடுக்க வேண்டியதில்லை என்று உங்கள் ஆய்வகப் பேராசிரியரிடமும் சொல்லலாம். மேயில் தெளிவாகச் சொல்கிறேன் என்றால் அவர் ஒத்துக்கொள்வார்.

ஆனால் அவர் கேட்பது இரண்டு ஆண்டு. அதற்கு இசையும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வருங்காலத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆய்வகமும் நடத்த வேண்டும் என்று விரும்புகிறீர்களா? ஆம் என்றால், எம்.டி.-பி.எச்.டி. இரட்டைப் பட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும், அதற்கு அந்த இரண்டு ஆண்டுகள் மிகவும் பயன்படும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1964இலிருந்து இத்தகைய பயிற்சிக்கு நிதி அளித்து வருகிறது. இரண்டு பட்டங்களும் முடிய ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகும். அந்த நிதியின்கீழ் நடக்கும் திட்டங்களில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் வழக்கம். அதற்கான விண்ணப்பத்தில் உங்கள் ஆய்வுகளை விவரித்துத் தனியே 10,000 எழுத்துக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். முக்கியமான ஆய்வு என்று குறிப்பிடும் ஒவ்வொன்றின் வழிகாட்டியிடமிருந்தும் பல திட்டங்கள் கடிதம் எதிர்பார்க்கும். சந்திக்காத பேராசிரியரின் குழுவில் இருப்பது அங்கே வெளிப்படையான குறையாகிவிடும். மருத்துவர் ஆவது மட்டுமே நோக்கம் என்றால் இரண்டு ஆண்டு முழுநேர ஆய்வகப் பணி கட்டாயமில்லை. ஓராண்டு போதுமா என்று அவரிடம் கேளுங்கள், அல்லது மருத்துவமனையில் நோயாளிகளிடம் ஒப்புதல் பெற்று ஆய்வில் சேர்க்கும் ஒருங்கிணைப்பாளர் பணிகளைப் பாருங்கள். ஆய்வும் மருத்துவ அனுபவமும் ஒரே சம்பளத்தில் கிடைக்கும் வேலை அது.

ஹெரால்ட் வார்மஸ் 1989இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். ஆய்வகத்தில் தீவிரமாக இறங்கியது மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு 1968இல், தேசிய சுகாதார நிறுவனத்தில். இன்றைய போட்டியில் அவர் வழியைப் பின்பற்றச் சொல்லவில்லை. எனினும் இருபது வயதில் எத்தனை ஆய்வகங்கள் என்பதை வைத்து ஒருவரின் அறிவியல் வாழ்வை அளக்க முடியாது என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்ல அவர் உதவுவார்.

கடைசியாக, விட்ட பணியைக் காட்டலாமா என்ற கேள்வி. தாராளமாகக் காட்டலாம். தொடங்கிய மாதம், முடித்த மாதம், உண்மையான மொத்த மணி நேரம், என்ன செய்தீர்கள் என்பதை நாலைந்து வரியில் எழுதுங்கள். மிக முக்கியமான மூன்றில் அதைச் சேர்க்க வேண்டாம். மணிக்கணக்கை ஊகித்து எழுதாமல், உங்கள் நாட்காட்டியைப் பார்த்து விடுமுறை வாரங்களைக் கழித்துவிட்டுக் கூட்டுங்கள். மூன்று ஆய்வும் முழுநேரப் படிப்பும் ஒரே பருவத்தில் இருப்பதைப் பார்க்கும் எவரும் முதலில் அந்தக் கூட்டலைத்தான் சரிபார்ப்பார். தொடரப்போகும் இரண்டு பணிகளுக்கும் இனி வரப்போகும் மணி நேரத்தை எதிர்பார்ப்பாகத் தனியே காட்டும் வசதி படிவத்தில் இருக்கிறது. அங்கே 12 என்றே தொடர்ந்து எழுதாமல், எம்கேட் மாதங்களில் குறைத்து, கோடையில் கூட்டி, நீங்கள் உண்மையில் செய்யப்போவதை எழுதுங்கள்.